அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா

சட்டை காயவில்லை.

அந்த வருஷம் வைகாசியில் பிடித்த மழை ஆனி பாதிக்கு வந்தும் விட்டபாடில்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் ஓடிய வெள்ளம் படியேறி வீடுகளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போனது. வீடு உள்ளவர்கள் கதவிடுக்கில் சாக்கைத் திணித்துக்கொண்டார்கள். சீனியம்மாவுக்கும் மாக்ரெட்டுக்கும் திணிக்கக் கதவு இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டால் தெருவில் போகிறவர்கள் ஓடி ஒளியட்டும் என்று யுத்த காலத்தில் தெருவோரமாகச் செங்கல்லில் கட்டி வைத்த ஒரு நீளக் கூண்டுக்குள் அவர்கள் இருந்தார்கள். ஊரார் அதைக் குண்டுக்கூடு என்றார்கள். யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகப் போகிறது. குண்டுக்கூட்டுக்குள் இப்போது ஆடு ஒதுங்கும், குடிகாரன் ஒதுங்குவான். இந்த இரண்டு பெண்களும் ஒரு பக்க வாசலைத் தகரத்தால் அடைத்துவிட்டு, மறுபக்க வாசலில் பழைய படங்குத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு குடியிருந்தார்கள்.

சீனியம்மாவுக்குப் பதினைந்து வயது. இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. துணிக்குக் கூப்பன் இருந்த காலம். கூப்பனுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு ஒரு தலைவன் வேண்டும். இவர்களுக்குத் துணிக் கூப்பனும் இல்லை, அரிசிக் கூப்பனும் இல்லை. கோதுமை மா வந்த மூட்டைத் துணியைச் சுண்ணாம்பு போட்டு வெளுத்து மாக்ரெட்தான் அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்திருந்தாள். முதுகில் கம்பெனிக்காரனின் எழுத்துகள் நீலமாக இன்னும் மங்கித் தெரிந்தன. அதை மறைக்கத்தான் சீனியம்மா எப்போதும் பின்னலைப் பின்னால் விட்டுக்கொண்டாள்.

விடியும் முன் இருவரும் உம்மு குல்தூமின் குசினிக்குப் போவார்கள். உம்மு குல்தூம் இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற விதவை. புருஷனின் அண்ணனான மூத்தார் வீட்டுப் பின்பக்கத்தில் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி, அதற்குள் மூன்று அடுப்பு மூட்டியிருந்தாள். சீனியம்மா தேங்காய் துருவுவாள். மாக்ரெட் மா பிசைந்து உரலில் அடைத்துப் பிழிவாள். வேலை முடிந்தால் ஆளுக்கு ஒரு கோப்பை நிறைய இடியப்பமும் சொதியும் கிடைக்கும், கிணற்றில் குளிக்கலாம். மழை நாளில் ஈரச் சட்டையை ஆவி பறக்கிற அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிடுவார்கள். சட்டை காய்ந்ததோ இல்லையோ, புகையும் தேங்காய்ப்பால் வாடையும் அதில் ஊறிப்போகும்.

"எனக்கெண்டு ஒரு ஊடு ஈந்தா ஒங்களத் தெருவுல உடுவேனா மகள்" என்று உம்மு குல்தூம் அடிக்கடி சொல்லுவாள். அவள் சொன்னது பொய்யில்லை. அவளே மூத்தார் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நாளை ஓட்டுகிறவள்.

சீனியம்மாவின் அப்பன் சுடலைமுத்து துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவன். அவள் தாய் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் கொழும்புக்கு வந்து இன்னொருத்தியைக் கட்டி இரண்டு ஆண் பிள்ளைகளும் பெற்றான். கொழும்பில் குண்டு விழுந்த அந்தச் சித்திரையில் ஊரே பெட்டி படுக்கையோடு ஓடியபோது அவனும் ஓடினான். இந்தியாவுக்குப் போகிற கூட்டத்தில் பெண்டாட்டியையும் ஆண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஏறினான். மூத்தவளைப் பக்கத்து அறையிலிருந்த காம்பராக்காரியிடம் விட்டு, பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறேன் என்றான். ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி தான் போகும் வரைக்கும் சோறு போட்டாள். பிறகு அவளும் போய்விட்டாள்.

மாக்ரெட் ஒரு வயது மூத்தவள், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவள். கப்பலில் குசினி வேலைக்குப் போன தகப்பன் திரும்பவில்லை. தாய் சயரோகத்தில் செத்த கையோடு வீட்டுக்காரி அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்தில்தான். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறபோது, பைப்படியில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தவர்கள் இரண்டே பேர். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடாமல், வாசலில் நின்று புத்தகத்தை அடுக்குவதும் கலைப்பதுமாய் இருந்தவர்களும் அதே இரண்டு பேர். ஒருவர் சொல்லாமலே மற்றவருக்கு விளங்கிவிட்டது.

அது இங்கிலீசும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிற பெண்கள் பள்ளிக்கூடம். முன்பெல்லாம் மாதச் சம்பளம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் மட்டும் படித்த இடம். படிப்புக்கு இனிக் காசு இல்லை என்று சட்டம் வந்த அடுத்த மாதமே சீனியம்மா தானாக நடந்து போய்ச் சேர்ந்துகொண்டாள். புதிதாகச் சேர வந்த கூட்டத்தின் நெரிசலில், அம்மாவுக்குச் சுகமில்லை, பிறகு வருவா என்று அவள் சொன்னதை யாரும் தோண்டிக் கேட்கவில்லை. மாக்ரெட்டும் அதே பொய்யைச் சொல்லித்தான் சேர்ந்திருந்தாள். இருவரும் எட்டாம் வகுப்பு. வருஷக் கடைசியில் அரசாங்கச் சோதனை. அதில் பாஸ் பண்ணினால் தாதிப் பயிற்சிக்கோ ஆசிரியைப் பயிற்சிக்கோ வழி பிறக்கும் என்று சொன்னார்கள். பயிற்சிக்கு எடுத்தால் தங்க இடமும் கொடுப்பார்களாம். சீனியம்மாவுக்குப் படிப்பில் இருந்த ஆசையில் பாதி அந்தத் தங்குகிற இடத்தின் மேல்தான்.

வகுப்பு ரீச்சர் காலையில் ஒவ்வொருத்தியாக நகம், தலை, சட்டை பார்ப்பாள். அன்றைக்குச் சீனியம்மா முன்னால் வந்ததும் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடினாள். ஈரச் சட்டையோடு வந்ததுமில்லாமல் இதென்ன நாற்றம், வீட்டில் சட்டை துவைக்க ஆளில்லையா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சீனியம்மா விறாந்தையில் நிறுத்தப்பட்டாள். மழைச்சாரல் அடித்தது; காய்ந்த மிச்ச இடமும் நனைந்தது.

பத்து மணிக்கு மேல் தலைமை ஆசிரியை மிஸிஸ் அம்பலவாணர் அந்தப் பக்கம் வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. வெள்ளை வெளேரென்ற நூல் சேலை, கையில் ஒரு குடை. என்ன விஷயம் என்று வகுப்பு ரீச்சரிடம் கேட்டுவிட்டு, சீனியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் காலடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்:

"சேர்ந்த நாளிலையிருந்து உன்ரை தாயை இஞ்சை ஒருத்தரும் காணேல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. கூட்டிக்கொண்டு வராமல் வகுப்புக்குள்ளை கால் வைக்கக் கூடாது."

சீனியம்மா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? படிப்புக்குக் காசில்லை என்று சட்டம் போட்டவர்கள், படிப்பதற்கு ஒரு தாய் வேண்டும் என்பதை மறந்துபோனார்கள். அதையும் அவர்களே கொடுத்திருக்க வேண்டாமா?

அடுத்த சில நாட்கள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மாக்ரெட் மட்டும் போய்வந்தாள். சீனியம்மா குண்டுக்கூட்டு வாசலில் படங்கை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, மாக்ரெட்டின் கொப்பியைப் பார்த்து எழுதினாள். அங்கேதான் வெள்ளையம்மா அவளைப் பிடித்தாள்.

வெள்ளையம்மா முனிசிபல்காரி. அந்தத் தெருவையும் பள்ளிக்கூடத் தெருவையும் கூட்டுகிறவள். முன்னங்கையில் பித்தளை வில்லை, தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்ட கோலம், தன் உயரத்துக்கு ஈர்க்குமாறு. வயது நாற்பதுக்கு மேலிருக்கும். புருஷன் குடித்து அழிந்து எங்கோ போய்விட்டான், பிள்ளையில்லை. முனிசிபல் லயத்தில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தாள். காலையில் இந்தப் பிள்ளைகள் குசினி வேலை முடிந்து வந்து படங்கைச் சுருட்டுகிற நேரம் அவள் அங்கே வந்து சேர்வாள். வெற்றிலை ஒரு வாய், பேச்சு ஒரு வாய். குண்டுக்கூட்டை இடிக்கப் போகிறார்கள் என்ற சேதியையும் அவள்தான் முதலில் கொண்டுவந்தாள். வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் ஐயா சிங்களத்தில் யாருக்கோ சொன்னதைக் காதில் வாங்கி வந்திருந்தாள். மழை விட்டதும் இடிப்பாம்.

நாலைந்து நாளாக ஏன் இங்கேயே இருக்கிறாய் என்று அவள் கேட்க, சீனியம்மா நடந்ததைச் சொன்னாள். வெள்ளையம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் குந்தினாள். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றாள்.

"அம்மா வேணும்னா கேக்குறா? சரி, நான் வாறேன் புள்ள."

சீனியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா, உங்களைத் தினம் பார்க்கிறார்களே என்றாள்.

"என்னைய யாரு பாக்குறா? வெளக்குமாத்தத்தான் பாக்குறாக. அது எங்கிட்டுப் போனாலும் ஒதுங்கிப் போறாக. மொகத்த ஒருத்தரும் பாத்ததில்ல."

அது நியாயமாகத்தான் பட்டது. மாக்ரெட்டும் வந்து சேர்ந்ததும் மூன்று பேருமாக உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். வெள்ளையம்மாவுக்கு அதில் ஒரு குதூகலம் பிறந்துவிட்டது. அம்மா என்றால் என்ன பேசுவார்கள், அடக்கமாய் இருக்க வேண்டுமா அதட்ட வேண்டுமா என்று துருவித் துருவிக் கேட்டாள். பிள்ளை வீட்டில் படிக்கிறாளா என்று கேட்டால் என்ன சொல்வது? மகள் எட்டாம் வகுப்பு என்பதை வெள்ளையம்மா நாலு தரம் சொல்லிப் பார்த்துப் பாடமாக்கினாள். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து முழுகி, அண்ணன் பெண்டாட்டியின் மஞ்சள் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, வில்லையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அப்படி வந்து நின்றபோது மாக்ரெட்டே ஒரு கணம் ஆரென்று பார்த்தாள்.

பள்ளிக்கூடப் படியேறி விறாந்தையில் கால் வைக்கும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மிஸிஸ் அம்பலவாணர் அறைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். சீனியம்மா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பதாகச் சொன்னாள். வெள்ளையம்மா கும்பிட்டாள். அம்மாமார் எப்படிக் கும்பிடுவார்கள் என்று அவள் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்த கும்பிடு அது.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள்.

"நீ இந்த றோட்டுக் கூட்டுறவளெல்லே?"

ஆரும் பார்க்காத முகம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய பிழை! கீழே இருப்பவரின் முகம் மேலே இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தெரியாதது போலப் போவதுதான் அவர்களின் பழக்கம். தேவைப்படுகிறபோது நினைவு வந்துவிடும்.

வெள்ளையம்மா ஆமாங்க என்றாள். படியை விட்டு இறங்கி நிற்கச் சொன்னாள் மிஸிஸ் அம்பலவாணர். அவள் முற்றத்தில் இறங்கி நின்றாள். சீனியம்மாவை நோக்கித் திரும்பிய தலைமை ஆசிரியை, இத்தனை மாதம் எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து இருந்தாயா, ஒரே பானையில் குடித்தாயா என்று மெதுவாகக் கேட்டாள். அந்த மெதுவான குரல் கத்தலைவிட மோசமாக இருந்தது. பிறகு, சட்டம் வந்துவிட்டது, துரத்த முடியாது, நான் அப்படிப்பட்டவளும் இல்லை, ஆனால் மற்றப் பெற்றோரையும் நான் பார்க்க வேண்டும் என்றாள். வெள்ளையம்மாவை இனி விளக்குமாறோடு தவிர இந்த வாசலுக்கு வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

வெள்ளையம்மா மஞ்சள் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சீனியம்மாவின் இடம் தரை. வகுப்பின் பின்சுவரோரம் ஒரு சாக்கு விரித்தார்கள். கொப்பியை மடியில் வைத்து எழுத வேண்டும். தண்ணீர் கேட்டால் ஆயா தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவாள். வகுப்பு ரீச்சர் அவள் கொப்பியை வாங்காமல், தூக்கிக் காட்டு என்று தூரத்திலிருந்தே திருத்தினாள். நேற்று வரைக்கும் இவளிடம் கணக்குக் கேட்டவர்கள் இன்று இவள் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நடந்தார்கள். ஒருத்தி மட்டும், ரீச்சர் பார்க்காத நேரம், ஒரு பென்சிலைத் தரையில் உருட்டிவிட்டாள். சீனியம்மா அதை எடுக்கவில்லை. கையில் கொடுக்கத் தெரியாதவளின் பென்சில் எனக்கெதற்கு என்று இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றில் உம்மு குல்தூமின் அடுப்புகளில் ஒன்றை யாரோ மூட்டிவிட்ட மாதிரி, காலையிலிருந்து பள்ளிக்கூடம் விடும் வரை எரிந்துகொண்டே இருந்தது. தேங்காய் துருவும்போது அலகில் கையைக் கிழித்துக்கொண்டாள். ஏன் மகள், கவனம் எங்க ஈக்கிது என்று உம்மு குல்தூம் கேட்டபோது, கையைக் கழுவிவிட்டு மறுபடி துருவ உட்கார்ந்தாள்.

மாக்ரெட்டுக்குப் பொறுக்கவில்லை. வாங்கிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். குண்டுக்கூட்டுக்கு வந்ததும், நீ அவள் பிள்ளை இல்லையே, சொல்லிவிட்டால் என்ன என்று தொடங்குவாள். சொன்னால் தெருவில் கிடக்கிறவர்கள் என்று தெரிந்துவிடும் என்பாள் சீனியம்மா. தெரியட்டும், தரையில் கிடக்கிறதை விடத் தெருவில் கிடக்கிறது மேல் என்பாள் மாக்ரெட். வெள்ளையம்மாக்கா நமக்காக வந்தவள் என்று சீனியம்மா சொல்ல, பேச்சு அத்தோடு நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாக்ரெட் யாரிடமும் கேட்காமல் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெள்ளையம்மா இரவல் தாய் என்றும், தங்கள் இருவருக்கும் தாயும் இல்லை வீடும் இல்லை என்றும், படுக்கிற இடம் இன்னதென்றும்.

சீனியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடி விழும், வெளியே தள்ளுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போனாள். மிஸிஸ் அம்பலவாணர் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சீனியம்மா கண்ட முதல் சிரிப்பு.

"அப்ப நீ அவளின்ரை பிள்ளை இல்லை. இதை முதலே சொல்லியிருந்தால் இந்தக் கரைச்சல் ஒண்டும் வந்திராதே பிள்ளை."

பொய் சொன்னது, தெருவில் கிடப்பது, அப்பனால் கைவிடப்பட்டது எல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. தோட்டக்காட்டுப் பிள்ளையென்றாலும் சக்கிலியப் பிள்ளை இல்லையே என்ற ஒன்றில் அவளுக்கு மனம் ஆறிப்போயிருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னாள். வெள்ளவத்தையில் தமிழ்ச் சீமாட்டிகள் சிலர் நடத்துகிற விடுதி ஒன்று இருக்கிறது, கடற்கரைப் பக்கம், காற்றோட்டமான வீடு, அநாதைப் பிள்ளைகளுக்குக் கட்டில் மெத்தையும் மூன்று நேரச் சாப்பாடும் கொடுக்கிறார்கள், காலையும் மாலையும் வீட்டு வேலைக்கு ஒத்தாசை செய்தால் போதும், இரண்டு பேருக்கும் இடம் கேட்டுத் தருகிறேன் என்றாள். திங்கட்கிழமை பழைய வாங்கிலேயே இருக்கலாம். ஆனால் ஒரு காரியம் செய்ய வேண்டும். இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு இது தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தப் பொம்பிளையையும் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாருக்கும் முன்னால், இவள் என் தாய் இல்லை, பொய் சொல்லி வந்தாள் என்று நீ சொல்ல வேண்டும். ஆள்மாறாட்டம் செய்ததற்கு முனிசிபலுக்கு எழுதி அவளுக்குச் செய்ய வேண்டியதை நான் செய்துகொள்கிறேன் என்று முடித்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை விட்டிருந்தது. கூலியாட்கள் வந்து தெருவின் அந்தக் கோடியிலிருந்த குண்டுக்கூட்டை அலவாங்கால் இடிக்கத் தொடங்கினார்கள். செங்கல் விழுகிற சத்தம் இவர்கள் இருந்த சுவரில் கேட்டது. மாக்ரெட் சாமானைக் கட்டிவிட்டாள். சாமான் என்ன, ஒரு பாய், ஒரு கேத்தில், தாயின் செபமாலை. சீனியம்மா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி கோபம்? உனக்காகத்தானே சொன்னேன்" என்றாள் மாக்ரெட். "கட்டில்டி சீனி. கதவுள்ள வீடு. ராத்திரி படங்கு ஆடினா எழும்பிக் குந்தியிருக்கத் தேவையில்ல. நான் அந்த ஒண்டுக்கு என்ன வேணுமெண்டாலும் சொல்லுவேன்."

சீனியம்மாவுக்கும் கட்டில் வேண்டும்தான். ஒரு கதவைச் சாத்திவிட்டுத் தூங்கி வருஷக்கணக்காகிறது. இரண்டு நாளும் அவள் நினைத்ததெல்லாம் அந்தக் கதவைத்தான். வெள்ளையம்மா ஒரு பெரிய மனுஷி, ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வாள் என்றுகூட ஒரு நேரம் நினைத்தாள். நினைத்துவிட்டு, தன் மேலேயே ஆத்திரப்பட்டாள்.

திங்கட்கிழமை காலை தேவாரம் முடிந்ததும் பிள்ளைகளை மண்டபத்தில் அப்படியே நிற்க வைத்தார்கள். வெள்ளையம்மா வேலைக் கோலத்திலேயே வந்திருந்தாள், கையில் வில்லை, தோளில் சாக்கு. விளக்குமாறோடு வரச் சொன்னதால் விளக்குமாறோடே வந்தாள். முற்றத்தில், படிக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். மாக்ரெட் சொல்லி அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சீனியம்மாவை அவள் பார்க்கவில்லை. மழை மறுபடி தூறத் தொடங்கியது. அவளை உள்ளே வரச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"சொல்லு பிள்ளை. பயப்பிடாதை. இவள் ஆர்?"

சீனியம்மா படி விளிம்புக்கு வந்து நின்றாள். வெள்ளையம்மாவின் முகத்தில் தூறல் வழிந்தது, அதைத் துடைக்காமல் அவள் நின்ற நிற்பைச் சீனியம்மா பார்த்தாள்.

"எங்க அம்மா."

மண்டபம் அசைந்தது. பொய் சொல்லாதை என்று மிஸிஸ் அம்பலவாணர் பல்லைக் கடித்தாள்.

"பொய்தான் டீச்சர். நீங்க கேட்டீங்கன்னுதான் அந்தப் பொய்யச் சொன்னோம். அம்மா இல்லாம வந்தேன், வெளிய நிப்பாட்டுனீங்க. அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்தேன், தரையில ஒக்கார வச்சீங்க. இப்ப அம்மா இல்லன்னு சொன்னா கட்டில் தாறேங்குறீங்க. எனக்கு எந்த அம்மா வேணும்னு நான் சொல்றேன். இவங்கதான் எங்க அம்மா. இனிமே அது பொய் இல்ல."

வகுப்பு ரீச்சர் பிடிக்க வந்தவள், தொடுவதா வேண்டாமா என்று கை நீட்டியபடியே நின்றுவிட்டாள். சீனியம்மா விறாந்தை மூலையிலிருந்த தண்ணீர்ப் பானையின் மூடியை எடுத்துக் கீழே வைத்தாள். எல்லாரும் குடிக்கிற செம்பால் மொண்டாள். படியிறங்கிப் போய் வெள்ளையம்மாவிடம் நீட்டினாள். வெள்ளையம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு செம்பை வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல் வாயில் வைத்தே குடித்தாள், அவசரப்படாமல், அடிவரைக்கும். மிச்சமிருந்த சொட்டை உதறிவிட்டுச் செம்பைப் படியில் வைத்தாள்.

அந்தப் பானையை அன்று மத்தியானமே உடைத்துப் புதுப் பானை வைத்தார்கள் என்று பிற்பாடு மாக்ரெட் சொன்னாள்.

சீனியம்மாவின் பேர் வெட்டப்பட்டது. அதைச் சொல்ல ஆள் அனுப்ப வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை, அவள் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு முன்னமே தெருவுக்கு வந்துவிட்டாள். வெள்ளையம்மா முன்னால் நடந்தாள். பள்ளிக்கூடத் தெரு முடிந்து மற்றத் தெரு திரும்பும் வரை விறுவிறுவென்று போனாள். பிறகு நின்றாள்.

"ரெண்டு நாளு யோசிச்சியாமே."

சீனியம்மா ஆமாம் என்றாள்.

"யோசிக்காம சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள் வெள்ளையம்மா. அவள் முகம் கடுகடுத்துத்தான் இருந்தது. "சரி. பாயச் சுருட்டிக்கிட்டு வா. அண்ணன்கிட்ட நான் சண்ட போடணும். பொழுது இருக்கையிலயே போடுவோம்."

அந்தச் சண்டை லயமே கூடி நின்று பார்க்கிற சண்டையாக நடந்தது. கடைசியில் அறைக்கு வெளியே குசினிச் சுவரோரம் ஒரு பாய் விரிக்கிற அகலம் கிடைத்தது. மிஸிஸ் அம்பலவாணர் சொன்னபடி எழுதினாள். ஓவசியர் வெள்ளையம்மாவைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, அந்தத் தெருக்களிலிருந்து மாற்றி முகத்துவாரத்து மீன் சந்தைப் பக்கம் போட்டான். கூட்டக் கூட்டச் செதிளும் குடலும் சேர்கிற இடம். அவள் ஒரு கிழமை முழுக்கத் தலைமை ஆசிரியையையும் ஓவசியரையும் அவர்கள் பிறந்த நாளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு கூட்டினாள். சீனியம்மாவை ஒரு சொல் சொல்லவில்லை. மாக்ரெட் வெள்ளவத்தைக்குப் போனாள். கட்டில் நிஜமாகவே கிடைத்தது. கதவும் இருந்தது, அதை வெளியிலிருந்து பூட்டுவார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு உம்மு குல்தூமின் குசினிக்கு வருவாள். முதல் தடவை சீனியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் தடவை தேங்காய் துருவுகிற திருவலையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஆடி பிறந்ததும் வெள்ளையம்மா அவளை முகத்துவாரத்து அரசாங்கத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். இந்தத் தடவை இரவல் சேலை இல்லை. கடலுக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகளும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளும் படிக்கிற இடம். கூரை ஒழுகியது. சிவானந்தன் என்ற தலைமை ஆசிரியர் சுருட்டு வாயோடு இருந்தார். அவருக்கு அவர்களைக் கண்டு சந்தோஷமும் இல்லை, வெறுப்பும் இல்லை. சீனியம்மாவிடம் தாயின் பேரைக் கேட்டார். சொன்னாள். அடுத்ததை அவர் கேட்கும் முன்பே சீனியம்மா சொல்லிவிட்டாள்:

"அம்மா றோட்டுக் கூட்டுறாங்க. முனிசிபல்ல. வேற ஏதாவது கேக்கணுமா சார்?"

சிவானந்தன் சுருட்டை வாயிலிருந்து எடுத்து அவளைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு அந்தக் கடைசியில், போய் இரு என்றார்.

எங்கே இருப்பது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. உள்ளே போய் முன்வரிசை வாங்கின் நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளை, வாசலில் விளக்குமாறோடு நின்ற வெள்ளையம்மாவை ஒரு பார்வை, இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். சீனியம்மாவும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். சீனியம்மாவும் விடாமல் நகர்ந்தாள், வாங்கு முடிந்து சுவர் வருகிற இடம் வரைக்கும்.